மலர்வு 1947, உதிர்வு 2019

எவரார்ட் லூயிஸ் என்ற மனிதரைச் சாகடித்தது நான்தான். எங்கள் சங்கத்தில் யாரைக் கேட்டாலும், "அது ஒரு சின்னப் பிழை, மாதங்கி வேணுமெண்டு செய்யேல்லை" என்பார்கள். வேண்டுமென்று செய்யவில்லை என்பது உண்மை. சின்னப் பிழை என்பது பச்சைப் பொய்.

லண்டன் டூட்டிங்கில் இருக்கும் எங்கள் நலன்புரிச் சங்கத்துக்குப் பதினான்கு வருடமாக நான்தான் செயலாளர். வேறு யாரும் முன்வராததால் எனக்கு அந்தப் பதவி. தலைவர் பத்மநாதன் அண்ணை அதைவிட நீண்ட காலமாக இருக்கிறார். யாராவது முன்வந்தால் அவர் விடமாட்டார் என்பதால் அவருக்கு அந்தப் பதவி.

ஒவ்வொரு ஒக்டோபரிலும் கறுப்பின வரலாற்று மாதம் என்று கவுன்சில் எல்லாச் சங்கங்களுக்கும் கடிதம் போடும். நாங்கள் அதைப் படித்ததுகூடக் கிடையாது. எங்கள் வீடுகளில் அந்த மக்களுக்கு ஒரு பெயர் உண்டு, அதை நான் இங்கே எழுதமாட்டேன். ஆனால் போன வருடம் பத்மநாதன் அண்ணைக்குத் திடீரென்று கறுப்பின வரலாற்றில் அக்கறை வந்துவிட்டது. சமூக சேவைக்காகக் கவுன்சில் கொடுக்கும் பதக்கத்துக்குப் பெயர் சிபாரிசு செய்யும் பெண்மணி எங்கள் விழாவுக்கு வர ஒப்புக்கொண்டிருந்தார்.

ஓர் இளம் இயக்குநர் தென் லண்டன் கறுப்பின இசைக்காரர்களைப் பற்றி எடுத்த ஆவணப்படம் ஒன்றை இலவசமாகத் தந்தார். தன்னால் வர இயலாது என்று தபாலில் படத்தையும் சில தாள்களையும் அனுப்பிவைத்தார். படம் ஐம்பது நிமிடம். எங்கள் வரவேற்புரை சில வருடங்களில் அதைவிட நீண்டிருக்கிறது. நிர்வாகக் குழுவில் ஒருவரும் படத்தைப் பார்க்கவில்லை. நானும்தான்.

தாள்களோடு ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் இருந்தது. பாஸ் கிற்றாரை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டபடி ஒல்லியான இளைஞன் ஒருவன். எவரார்ட் லூயிஸ், பிறப்பு 1947, கிங்ஸ்ரன், கடைசியாக மேடையேறியது 2019 என்று கீழே எழுதியிருந்தது.

"ஆள் இல்லைத்தானே?" என்று பத்மநாதன் அண்ணை கேட்டார்.

"கறுப்பு வெள்ளைப் படம், அண்ணை. இருக்க மாட்டார்" என்றேன்.

எங்கள் வீடுகளில் உயிரோடு இருப்பவர்களின் கறுப்பு வெள்ளைப் படம் அல்பத்துக்குள் இருக்கும். வெளியே எடுத்துப் பெரிதாக்கினால் ஆள் போய்விட்டார் என்று பொருள். எனக்கு அதற்குமேல் யோசிக்கத் தோன்றவில்லை.

விளம்பரம் அடிக்கச் சுஜீத்திடம் கொடுத்தேன். எங்கள் ஊர்ச் சனங்களின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அட்டைகள் எல்லாம் அவன்தான் அடிப்பான். அவனிடம் ஒரு வார்ப்பு எப்போதும் தயாராக இருக்கும். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, அடியில் தாமரை, இடப்பக்கம் மலர்வு என்று பிறந்த திகதி, வலப்பக்கம் உதிர்வு என்று இறந்த திகதி. அன்று மாலை போன் எடுத்தான்.

"அக்கா, உதிர்வு இல்லாமல் என்னெண்டு அடிக்கிறது? ஒரு பக்கம் வெறுமையாக் கிடந்தால் வடிவா இராது."

தாளை எடுத்துப் பார்த்தேன். 2019 என்ற எண் கண்ணில் பட்டது. அதையே சொன்னேன்.

இயக்குநருக்கு ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். நேரமில்லை என்று பின்னால் எல்லோருக்கும் சொன்னேன். நேரம் இருந்தது. அக்கறைதான் இல்லை. அவர் எங்கள் ஆளாக இருந்திருந்தால் திகதி, திதி, பிள்ளைகள், மருமக்கள் எல்லாம் கேட்டு எழுதியிருப்பேன். வேறு ஆள் என்றபடியால் ஒரு வருடம் போதும் என்று பட்டது.

தமிழ் விளம்பரம் அப்பர் டூட்டிங் வீதிக் கடைகளில் ஒட்டப்பட்டது. 'மறைந்த இசைக்கலைஞருக்கு அஞ்சலி' என்ற ஆங்கில அறிவிப்பு கவுன்சிலின் இணையப் பக்கத்தில் போனது. விழாவுக்கு நான்கு நாள் முன்னர், செவ்வாய்க்கிழமை, அதைப் பார்த்துவிட்டு ஒரு பெண் என் தொலைபேசிக்கு எடுத்தாள். பெயர் மார்சியா, லூட்டனில் இருந்து கதைக்கிறேன் என்றாள். ஆங்கிலத்தில் நடந்த பேச்சை எனக்கு நினைவிருக்கிறபடி எழுதுகிறேன்.

"எவரார்ட் லூயிஸ் என் அப்பா. பதினொரு வருடமாக நாங்கள் பேசுவதில்லை. பழைய நம்பருக்கு எடுத்துப் பார்த்தேன், வேறு யாரோ பேசுகிறார்கள். அவர் இறந்தது உண்மையா?"

அந்த இடத்திலாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். மகளுக்கே தெரியாத மரணம் எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் ஆயிரம் செத்த வீடுகளுக்குப் போய்ப் பழகிய வாய், தானாகப் பேசியது.

"உங்கள் துயரத்தில் நாங்களும் பங்கெடுக்கிறோம்" என்றேன்.

"எப்படிப் போனார்?"

"அமைதியாகப் போனார் என்று கேள்விப்பட்டேன்."

அவள் அழத் தொடங்கினாள். அம்மா புற்றுநோயில் கிடந்தபோது அவர் ஹம்பேர்க்கில் வாசிக்கப் போனவர், அடக்கம் முடிந்துதான் திரும்பினார், அதற்குப் பிறகு அவர் போட்ட கடிதம் ஒன்றைக்கூட நான் உடைக்கவில்லை என்றாள். யாரென்றே தெரியாத என்னிடம் அதையெல்லாம் சொன்னாள். நான் ம், ம் என்று கேட்டுவிட்டுச் சனிக்கிழமை வரச்சொன்னேன். பத்மநாதன் அண்ணையிடம் சொன்னபோது அவருக்குப் பிடிபடாத சந்தோசம்.

"மகளே வாறாவோ? அப்ப அவ விளக்கேத்தட்டும். பொன்னாடையும் போர்த்துவம்."

நாலு மணி விழா, வழக்கம்போல ஐந்தே காலுக்குத் தொடங்கியது. மேடையில் மூன்றடி உயரத்தில் எவரார்ட்டின் படம், கழுத்தில் சந்தன மாலை, முன்னால் விளக்கு. மார்சியா கறுப்பு உடுப்பில் வந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். படத்தைப் பார்த்ததும் கையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு விளக்கேற்றினாள். பத்மநாதன் அண்ணை மறைந்த மாமேதை என்று ஆங்கிலத்தில் பத்து நிமிடம் முழங்கினார். அந்த மாமேதையின் பெயரை அவர் கடதாசித் துண்டில் பார்த்துத்தான் வாசித்தார். அடுத்தது அகவணக்கம். ஒரு நிமிடம் எல்லோரும் எழுந்து தலைகுனிந்து நின்றார்கள்.

நான் வாசலில் சந்தனத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். கதவு மெல்லத் திறந்தது. மண்ணிறக் கோட்டும் சூட்டும் போட்ட உயரமான கிழவர் ஒருவர் ஊன்றுகோலோடு உள்ளே வந்தார். சபை முழுவதும் நிற்பதைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவரும் தலைகுனிந்தார். பொலிஷ் போட்ட சப்பாத்து. அசையாமல் மரியாதையோடு நின்றார்.

"யாருக்காக?" என்று என் காதருகே கேட்டார்.

நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். படத்தில் இருந்த அதே கண்கள். சபை இருக்கையில் அமர்ந்தால் மேடையும் மாலையும் அவருக்குத் தெரிந்துவிடும். அவர் முழங்கையைப் பிடித்து, பக்கக் கதவால் குசினிக்குள் கொண்டுபோனேன். அங்கே எங்கள் சங்கத்துத் தயாளினி பெரிய தட்டுகளில் பொரித்த றோல்ஸ் அடுக்கிக்கொண்டிருந்தாள். குசினிக்கும் மண்டபத்துக்கும் நடுவே சாப்பாடு கொடுக்கிற ஜன்னலின் தகரக் கதவு மூடியிருந்தது.

அவரைக் கதிரையில் இருத்தினேன். அவர் கோட்டுப் பையிலிருந்து எங்கள் விளம்பரத்தை எடுத்து விரித்தார்.

"வாழைக்காய் வாங்கப் போனேன். கடைக் கதவில் நான் நிற்கிறேன். கடைக்காரர் இதைக் கழற்றித் தந்து, நாலு மணி என்று போட்டிருந்தாலும் ஐந்தரைக்குப் போ என்றார். இதில் என்ன எழுதியிருக்கிறது?"

"உங்களைக் கௌரவிக்கிறோம் என்று."

"1947 சரி. இந்த 2019?"

"நீங்கள் கடைசியாக மேடையேறியது."

"நன்றாகத் தேடிப் படித்திருக்கிறீர்கள்" என்றார். கண் கலங்கியிருந்தது. "என் சொந்தச் சனம்கூட இதை நினைவில் வைத்திருக்கவில்லை."

நான் வெளியே ஓடினேன். படம் தொடங்க விளக்கை அணைத்துவிட்டார்கள். பத்மநாதன் அண்ணையை மேடை ஓரத்துக்கு இழுத்தேன்.

"அண்ணை, ஆள் உயிரோட இருக்கிறார்."

"ஆர்?"

"படத்தில இருக்கிறவர். கிச்சினுக்க இருக்கிறார்."

அவர் மாலை போட்ட படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீதானே, பிள்ளை, ஆள் இல்லையெண்டு சொன்னனீ."

"ஓம், என்ர பிழை. இப்ப மகளிட்டைச் சொல்லுவம். அந்தப் பிள்ளை அழுதுகொண்டிருக்குது."

"விசரே உனக்கு? கவுன்சில் பொம்பிளை முன்வரிசையில இருக்கிறா. மறைந்த கலைஞர் எண்டு பத்து நிமிசம் கதைச்சுப்போட்டு இப்பதான் இருந்தனான். அவ ஏழு மணிக்குப் போயிடுவா. பிறகு ஆறுதலாச் சொல்லுவம். அதுவரைக்கும் அவரை வெளியில விடாதை."

"அண்ணை, தகப்பனும் மகளும்..."

"பதினொரு வருசம் கதைக்காத சனத்துக்கு ஒரு மணித்தியாலம் பெரிசே?"

நான் எதிர்த்துப் பேசவில்லை. பயம்தான். அந்த வருடத்தைச் சொன்னது நான், அமைதியாகப் போனார் என்றது நான். ஒரு மணித்தியாலம் தள்ளிப்போனால் எனக்கும் நல்லது என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு.

குசினிக்குத் திரும்பிப் போய், பிரதம விருந்தினர் கடைசியாகத்தான் சபைக்கு வருவார், அது எங்கள் வழக்கம் என்றேன். அவர் சந்தோசமாகத் தலையாட்டினார். தயாளினி என்னை முறைத்தாள்.

"இது பாவம் மாதங்கி" என்றாள் தமிழில்.

"பேசாமல் றோல்ஸைக் குடு" என்றேன்.

தகரக் கதவுக்கு அந்தப் பக்கம் படம் ஓடியது. அவருடைய பாஸ் ஒலி நிலத்தால் வந்து, தட்டுகளில் கிடந்த கரண்டிகள் நடுங்கின. அவர் கண்ணை மூடினார். இடக்கை விரல்கள் மேசை விளிம்பில் ஏறி இறங்கின. ஓர் இடத்தில் முகத்தைச் சுளித்தார்.

"இது நான் விட்ட பிழை. ஐம்பது வருடமாக ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை" என்று சிரித்தார்.

பிறகு றோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா சொன்னார். "எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். லூட்டனில். நான் போடும் கடிதங்களுக்குப் பதில் வராது. அவள் பிறந்த அன்று நான் வீட்டில் இருந்தேன், அது ஒன்றுதான் நான் சரியாகச் செய்தது. இந்தக் கடதாசியை அவள் கண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன்."

அவள் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள் என்று சொல்ல எனக்கு நாலு சொல் போதும். நான் இன்னொரு றோல்ஸை அவர் தட்டில் வைத்தேன்.

அங்கே நிற்க முடியாமல் மண்டபத்துக்குப் போனேன். திரையில் பழைய லண்டன். கிளப்புகளுக்குள் விடாததால் வீட்டு அறைகளிலும் நிலவறைகளிலும் கூடி ஆடிய சனங்கள். பழைய அலுமாரிப் பலகையில் ஸ்பீக்கர்ப் பெட்டி செய்தவர்கள், பொலிஸ் வந்து அந்தப் பெட்டிகளைக் கோடரியால் கொத்திய விதம். வாடகைக்கு வீடு கேட்டு, கதவு முகத்தில் அடிபட்ட கதைகள். எங்கள் ஆட்களுக்கும் நடந்த கதைகள்தான். முன்வரிசையில் நாலைந்து பேர் பார்த்தார்கள். மற்றவர்கள் போனில் இருந்தார்கள். எனக்குப் பின்னால் ஒருவர், "சாப்பாடு எத்தினை மணிக்காம்?" என்று கேட்டார்.

கடைசியில் எவரார்ட் கிழவராகத் திரையில் வந்தார். 2018 என்று கீழே இருந்தது. "என் மனைவி சாகும்போது நான் ஹம்பேர்க்கில் மேடையில் நின்றேன். காசுக்காக என்று எல்லோருக்கும் சொன்னேன். உண்மையில் அவள் சாவதைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. என் மகளுக்கு அது தெரியாது" என்றார். படம் முடிந்தது.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது பொன்னாடை. அதைப் போர்த்தியதும் மார்சியா தானாகவே மைக்கைக் கேட்டு வாங்கினாள். நான் குசினிக்கு ஓடினேன். தகரக் கதவு வழியே அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

"நாற்பத்தொரு கடிதம் என்னிடம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை இரவு ஒவ்வொன்றாக உடைத்தேன். எல்லாவற்றிலும் மன்னிப்புத்தான் கேட்டிருக்கிறார். ஒன்றுக்காவது பதில் எழுதியிருந்தால் அவர் தனியாகச் செத்திருக்க மாட்டார். அப்பா, நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று தெரியும். நான் உங்களை மன்னித்துவிட்டேன். நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும்."

எவரார்ட் தட்டை மெல்லக் கீழே வைத்தார்.

"அது என் பிள்ளை" என்றார். "ஏன் செத்துவிட்டேன் என்கிறாள்?"

அவர் எழுந்தார். நான் கையை நீட்டித் தடுத்தேன், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். தயாளினி என்னைத் தோளில் பிடித்து இழுத்தாள். அவர் தகரக் கதவை இரண்டு கையாலும் மேலே தள்ளினார். றோல்ஸ் தட்டுகளுக்கு மேலாக அவர் முகம் மண்டபத்துக்குள் தெரிந்தது. இரண்டு பெண்கள் வீரிட்டார்கள்.

"மார்சியா" என்றார். "நான் இங்கே இருக்கிறேன்."

ஊன்றுகோலை மறந்துவிட்டுச் சுவரைப் பிடித்துப் பிடித்துப் பக்கக் கதவால் உள்ளே போனார். அவள் மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். பொன்னாடை நிலத்தில் இழுபட்டது. அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அந்த அரை நிமிடம், நடந்தது எல்லாம் நல்லதுக்குத்தான் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

அதற்குள் பத்மநாதன் அண்ணை மைக்கை எடுத்துவிட்டார். கவுன்சில் பெண்மணி குழம்பிப்போய் மாலை போட்ட படத்தையும் கிழவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீமான்களே, சீமாட்டிகளே" என்றார் அண்ணை ஆங்கிலத்தில். குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. "இதுதான் எங்கள் சங்கம் ஒழுங்கு செய்த இன்ப அதிர்ச்சி. பிரிந்திருந்த தகப்பனையும் மகளையும் இன்று நாங்கள் சேர்த்து வைக்கிறோம். மிஸ்டர் லூயிஸ் எங்களோடு ஒத்துழைத்து இவ்வளவு நேரமும் பொறுமையாக ஒளிந்திருந்தார். கைதட்டுங்கள்."

சனம் கைதட்டியது. கவுன்சில் பெண்மணி நெஞ்சில் கைவைத்துச் சிரித்தார், பிறகு எழுந்து நின்று தட்டினார். எல்லாப் போன்களும் உயர்ந்தன.

மார்சியாவின் கைகள் அவரை விட்டன.

"உங்களுக்குத் தெரியுமா?"

"இல்லை, பிள்ளை. எனக்கு ஒன்றும் தெரியாது."

"அதற்குள் இருந்து நான் சொன்னது எல்லாவற்றையும் கேட்டீர்கள்."

"என்னைக் காத்திருக்கச் சொன்னார்கள். அது வழக்கம் என்றார்கள்."

"நான் நாலு நாளாகச் சாப்பிடவில்லை" என்றாள். "என்னை அழவைத்துப் பார்க்க இவர்களோடு சேர்ந்தீர்களா? மன்னிப்பு வாங்க இது ஒரு வழியா?"

அவர் சுற்றிப் பார்த்து என்னைக் கண்டுபிடித்தார். "இவருக்குத் தெரியும். அம்மா, தயவுசெய்து சொல்லுங்கள்."

மார்சியா என்னிடம் வந்தாள். நெருங்கி நின்று மெதுவாகத்தான் கேட்டாள். "அவர் அமைதியாகப் போனார் என்று போனில் சொன்னது நீங்கள்தானே. எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். இது திட்டமிட்டதா? அவருக்குத் தெரியுமா?"

அவள் உண்மையைக் கேட்கத் தயாராக நின்றாள். இல்லை, எல்லாம் என் மடத்தனம், அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நான் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். அவள் கண்ணில் அந்த ஆசை இருந்தது. பத்மநாதன் அண்ணை என் பக்கத்தில் வந்து நின்றார். "யோசிச்சுக் கதை, பிள்ளை" என்றார் தமிழில். கவுன்சில் பெண்மணி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு மனிதரை விசாரிக்காமல் சாகடித்து, அவர் மகளுக்குச் சாவு சொல்லி, அவரைக் குசினிக்குள் அடைத்துவைத்தேன் என்று இத்தனை போன்களுக்கு முன்னால் நான் சொல்ல வேண்டும்.

"ஓம்" என்றேன். பதற்றத்தில் தமிழ்தான் வந்தது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். "அவருக்குத் தெரியும்."

எவரார்ட் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் சொன்னது விளங்காதவர்போலப் பார்த்தார்.

மார்சியா பொன்னாடையைக் கழற்றி மடித்து ஒரு கதிரையில் வைத்தாள்.

"என் அப்பா செவ்வாய்க்கிழமை செத்துப்போனார்" என்று அவரிடம் சொன்னாள். "நான் அழுது முடித்துவிட்டேன்."

அவள் வாசலைத் தாண்டிப் போகும்போதும் பின்வரிசை கைதட்டிக்கொண்டுதான் இருந்தது. அவர்களுக்குக் கேட்கவில்லை. எவரார்ட் அவளுக்குப் பின்னால் இரண்டு அடி வைத்தார். ஊன்றுகோல் இல்லாததால் தடுமாறினார். பத்மநாதன் அண்ணை ஒரு பக்கமும் பொருளாளர் மறுபக்கமும் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். கவுன்சில் பெண்மணி நடுவில் வந்து நின்றார். விழாவுக்குக் காசு தந்த அனுசரணையாளர்கள் குடும்பத்தோடு வரிசைக்கு வந்தார்கள்.

"விடுங்கள், அவள் போகிறாள்" என்றார் எவரார்ட்.

"ஒரே ஒரு படம், சேர்" என்றார் பத்மநாதன் அண்ணை. "மாதங்கி, நீயும் வா."

நான் போய் நின்றேன். அந்தப் படம் கவுன்சில் பத்திரிகையில் முதல் பக்கத்தில் வந்தது. எல்லோரும் கமராவைப் பார்க்கிறோம். அவர் மட்டும் வாசலைப் பார்க்கிறார். இடப்பக்கத்திலிருந்து மூன்றாவதாக, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்பது நான்.